பத்தாம் வகுப்பு: தேர்ச்சி அல்லது தோல்வி

1

இந்த ஐப்பசியோடு நான் ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு வருஷம் முடிந்தது. அதே வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த மூன்று பேருக்கு வேலையை விளக்கச் சொன்னார்கள். விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன். ஆனால் அதில் ஒரு பெரிய தப்புப் பண்ணியிருக்கிறேன் என்பது சனிக்கிழமை காலையில் என் வீட்டுச் சமையலறையில் வைத்துத்தான் தெரிந்தது.

நான் இருப்பது காசெல் என்கிற ஊர். என் வேலையைச் சொன்னால் எங்கள் சொந்த ஊரான உத்திரமேரூர்ப் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை. யார் எத்தனை வருஷம் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள், அந்தப் படிப்பு ஜனங்களுக்குள் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்று அளப்பதுதான் வேலை. நிலபுலன் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதைப் போலவே படிப்பையும் அளக்கலாம். எல்லாரும் ஒரே அளவு படித்திருந்தால் விடை பூஜ்யம். ஊரில் உள்ள மொத்தப் படிப்பும் ஒரே ஒரு ஆளிடம் இருந்தால், விடை கிட்டத்தட்ட ஒன்று. மற்றதெல்லாம் நடுவில்.

இதை விளக்க இங்கே எல்லாரும் கேக் படம்தான் போடுவார்கள். எனக்கு அந்தப் படத்தைக் கண்டாலே எரிச்சல். கேக்கில் ஒருத்தருக்குக் கூடக் கொடுத்தால் இன்னொருத்தருக்குக் குறையும். நான் படித்ததால் யாருடைய படிப்பும் குறைந்து போகவில்லையே. அதனால் கேக்கை விட்டுவிட்டு எங்கள் வீட்டையே பலகையில் எழுதினேன். நைனா இரண்டு வருஷம். அம்மா பூஜ்யம். எஸ்தர் அக்கா பூஜ்யம். தம்பி பன்னிரண்டு. நான் பதினேழு.

"சராசரி பார்த்தால் ஆளுக்கு ஆறு வருஷம். பரவாயில்லை போலத் தோன்றும்" என்றேன். "ஆனால் கீழே உள்ள மூன்று பேரிடமும் சேர்த்து இரண்டு வருஷம்தான் இருக்கிறது. மேலே உள்ள இரண்டு பேரிடம் இருபத்தொன்பது." கணக்குப் போட்டுக் காட்டினேன். எங்கள் வீட்டின் விடை புள்ளி ஐந்து ஒன்பது. மூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள்.

பின்வரிசையில் என் மேலதிகாரி பிர்கிட் உட்கார்ந்திருந்தார். கை தூக்கி, "உங்கள் அக்கா ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போகவில்லையா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதா. "போகவில்லை. அவளே அப்படித்தான் சொல்வாள்" என்றேன். அத்தோடு அவர் விட்டுவிட்டார்.

2

அக்காவிடம் சனிக்கிழமைதான் சாவகாசமாகப் பேச முடியும். எனக்குக் காலை, அவளுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். அக்கா இருப்பது மானாம்பதியில். என்னைவிட ஒன்பது வயது பெரியவள், இப்போது நாற்பத்தேழு. கழனி வேலைதான் பிழைப்பு. அவளுடைய வீட்டுக்காரர் சாமுவேல் மாமா எங்களுக்குச் சொந்தத்திலேயே வந்தவர், வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார்.

போனை மேஜையில் நிறுத்தியதும் என் மகள் லிடியா ஓடி வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டாள். வயது பத்து, நாலாவது படிக்கிறாள். இந்த ஊரில் நாலாவது முடிந்ததும் பிள்ளைகளைத் தனித்தனி வகைப் பள்ளிக்கூடங்களுக்குப் பிரித்துவிடுவார்கள். எந்த வகைக்குப் போகலாம் என்று டீச்சர் ஒரு கடிதம் தருவார். பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து இது காலேஜ் போகும், இது பட்டறைக்குப் போகும் என்று எப்படிச் சொல்வார்களோ தெரியவில்லை. அந்தக் கடிதம் வருகிற வரைக்கும் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

லிடியாவின் தமிழ் வருஷத்துக்கு வருஷம் மெலிகிறது. முன்பு கதை சொல்வாள், இப்போது கேட்டதற்குப் பதில். அதிலும் ழகரம் வரவே வராது. வாழைப்பழத்தை "வாயப்பயம்" என்பாள். நான் திருத்தித் திருத்தி அலுத்துப்போனேன். அக்காவுக்கு அதில் ஒரே சந்தோஷம். "கொயந்த கரீட்டா நம்ம ஊரு பேச்சு பேசுது. நீதான் ரேடியோல செய்தி சொல்றவளாட்டம் பேசற" என்பாள்.

அன்றைக்கு நான் பெருமையாகச் சொன்னேன். "அக்கா, ஆபீசுல உன்னத்தான் உதாரணமா எடுத்துச் சொன்னேன்."

"இன்னான்னு சொன்ன?"

"படிப்புக் கணக்குல உனக்குப் பூஜ்யம் போட்டேன்."

அக்கா கோபப்படவில்லை. சிரித்தாள். "அத்த தவிர வேற இன்னா போடுவ. நான் எங்க படிச்சேன்."

லிடியா என் பக்கம் திரும்பி ஜெர்மனில் கேட்டாள். "பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாதா? அப்போ ஞாயிற்றுக்கிழமை வர்ற மெஸேஜெல்லாம் யார் எழுதுறது?"

நமக்குப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதும் படிப்பதுதான், பாடம் பயில்வதும் படிப்பதுதான், பள்ளிக்கூடம் போவதும் படிப்பதுதான், டிகிரி வாங்குவதும் படிப்பதுதான். ஜெர்மனில் ஒவ்வொன்றுக்கும் தனி வார்த்தை. அரைகுறைத் தமிழ் என்பதால் என் மகள் அந்த வார்த்தையை நேராக எடுத்துக்கொண்டாள். படிக்கவில்லை என்றால் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் கோயிலுக்குப் போய் வந்து, அன்றைக்குப் பிரசங்கத்தில் பாஸ்டர் எங்கே சொதப்பினார் என்று அரைப் பக்கத்துக்கு எழுதி அனுப்புகிறவள் பெரியம்மா. அதுவும் ஒற்று, புள்ளி தவறாமல். நான் எட்டு வருஷமாக அதைப் படித்துச் சிரித்திருக்கிறேன். ஒரு நாளும் எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதில்லை.

"அக்கா, நீ பள்ளிக்கூடம் எது வரைக்கும் போன?" என்று கேட்டேன்.

அக்கா பேச்சை மாற்றப் பார்த்தாள். பின்னால் பாயில் படுத்திருந்த மாமா எழுந்து உட்கார்ந்து பதில் சொன்னார். "இன்னாம்மா இது, தெரியாத மாதிரி கேக்கற? உங்கக்காவும் நானும் டென்த்ல ஒரே கிளாசு. ஒரே வருசம் ரெண்டு பேரும் பெயிலு. எனக்கு மூணு சப்ஜெக்ட் போச்சின்னு ஸ்கூல் போர்டுல பாத்தேன். அவளுக்கு எத்தினி போச்சின்னு அவ பாக்கவே இல்ல."

"அப்ப நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீங்க மாமா?"

"நானா? நான் டென்த்து வரைக்கும் படிச்சவன்" என்றார் மாமா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

3

ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, ஒரே வருஷம் பெயில். ஆம்பிளை "டென்த் வரைக்கும் படிச்சவன்." பொம்பளை "படிக்கல." இதை நினைத்து நினைத்து அன்று முழுக்கச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

எங்கள் பக்கத்தில் "படிக்கல" என்பதற்குப் பல அர்த்தம். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவளும் அதைத்தான் சொல்வாள். அஞ்சாவதோடு நின்றவளும் அதையே சொல்வாள். பத்தாவது பரீட்சை எழுதி ஒரு பாடம் போனவளும் அதையேதான் சொல்வாள். தோற்றதைச் சொல்ல ஆம்பிளைக்கு வெட்கமில்லை. "டென்த் பெயிலு" என்பதை அவன் பட்டம் மாதிரி சொல்வான். பொம்பளை தோற்றால், போனதே இல்லை என்று சொல்லிவிடுவாள்.

இதில் என் கையும் உண்டு. சென்னையில் எம்.ஏ. படிக்கும்போது ஒரு ஆய்வு வேலைக்காக எங்கள் ஊர்த் தெருவிலேயே படிவத்தோடு சுற்றினேன். "எது வரைக்கும் படிச்சீங்க?" என்று கேட்பேன். "நான் எங்கம்மா படிச்சேன்" என்று பெண்கள் சிரிப்பார்கள். நான் பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். யாரிடமும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. என் அக்காவிடமும்தான். எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவள் தாவணியும் பையுமாக பஸ் ஏறிப்போனது ஞாபகத்தில் இருக்கிறது. எங்கே போனாள் என்று கேட்கத் தோன்றவில்லை. பேராசிரியர் என் படிவங்களைப் பார்த்து, ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்.

திங்கட்கிழமை பலகையில் அக்காவின் பூஜ்யத்தை அழித்துப் பத்து என்று எழுதினேன். விடை புள்ளி ஐந்து ஒன்பதிலிருந்து புள்ளி நாலு மூன்றுக்கு இறங்கியது. எங்கள் வீட்டில் அதற்குள் யாரும் புதிதாகப் பள்ளிக்கூடம் போய்விடவில்லை. ஒரு கேள்வி ஒழுங்காகக் கேட்டோம், அவ்வளவுதான். பிர்கிட்டிடம் போய் மாமா சொன்னதையும் சொல்லி, அன்றைக்குக் கோபமாகப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமாவின் வரிசையையும் சேர்த்திருந்தால் இன்னும் வேடிக்கையாக இருந்திருக்கும்" என்றார்.

4

இது வெறும் கணக்காக முடிந்திருக்கும். ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்பே மாமா குடும்ப வாட்ஸப்பில் ஒரு நோட்டீசைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்ததாம். ஒரகடம் பக்கம் கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்கள் தங்கும் விடுதி ஒன்றுக்குக் காப்பாளர் வேண்டும். பெண், வயது முப்பத்தைந்திலிருந்து ஐம்பதுக்குள். தங்குமிடமும் சாப்பாடும் உண்டு, மாதச் சம்பளம். கல்வித் தகுதி: பத்தாம் வகுப்பு தேர்ச்சி அல்லது தோல்வி.

மாமா கீழே எழுதியிருந்தார்: "தோத்தாலும் வேலையாம். ஆம்பிளைங்கள எடுக்கலியே." நாங்கள் எல்லாரும் சிரிக்கிற பொம்மை போட்டோம். அக்கா ஒன்றும் போடவில்லை.

இப்போது அதைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். விண்ணப்பிக்க இன்னும் பதினோரு நாள் இருந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அந்த ஆஸ்டல் வேலை உனக்குத்தான்."

"எனக்கா? இன்னாடி பேசற. அது படிச்சவங்களுக்கு."

"தோல்வின்னு போட்டிருக்கான்கா. நீ தோல்வி. மாமாவே சொன்னாரு."

அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நானும் அத்தப் பாத்தேன். மூணு நாலு வாட்டி பாத்தேன்."

அப்போதுதான் அவளுக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. நடவுக்கு மெஷின் வந்துவிட்டது. முன்பு ஒரு போகத்துக்கு இருபது நாள் கிடைத்த வேலை இப்போது ஏழெட்டு நாள். சேற்றில் நின்று நின்று அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, படி ஏறினால் முனகுகிறாள். தம்பி அனுப்புவதையோ நான் அனுப்புவதையோ அவள் கையால் தொடமாட்டாள். "எனக்கு என் வேலை வேணும்" என்பாள். அந்த வேலைதான் அவள் காலடியிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது.

நோட்டீசில் இருந்த நம்பருக்கு மாமா பேசினார். மார்க் ஷீட் வேண்டும் என்றார்கள். பெயிலானது என்றாலும் மார்க் ஷீட் வேண்டும். அதுதான் அக்காவிடம் இல்லை.

அந்தக் காலத்தில் ரிசல்ட் பேப்பரில் வரும். தேறியவர்களின் நம்பர் மட்டும் போடுவார்கள். அக்கா பஸ் ஸ்டாண்டில் ஒரு பேப்பரை வாங்கி நின்றபடியே பார்த்திருக்கிறாள். அவள் நம்பருக்கு முன்னால் உள்ள நம்பர் இருந்தது, பின்னால் உள்ளதும் இருந்தது. அப்படியே திரும்பி வந்துவிட்டாள். திங்கட்கிழமை அம்மாவோடு நாற்றுப் பிடுங்கப் போனாள். பள்ளிக்கூடத்துப் பக்கமே அப்புறம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"ஸ்கூல்ல போயி கேளுக்கா. வாங்காத மார்க் ஷீட்ட வெச்சிருப்பாங்க."

"முப்பது வருசம் கயிச்சி போயி, நான் பெயிலானதுக்குப் பேப்பர் குடுங்கன்னு கேக்கறதா? நாலு பேரு வாய்ல கைய வெச்சி சிரிப்பாங்க."

நான் விடவில்லை. தினமும் போன் போட்டேன். எந்த ஆபீஸ், யாரைப் பார்க்கணும், விண்ணப்பத்தில் என்ன எழுதணும் என்று பாடம் நடத்தினேன். நாலாவது நாள் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஜெயா, ஒண்ணு சொல்றேன் கேளு. உனுக்கு உன் கணக்கு கரீட்டாவணும். அதுக்கு நான் பள்ளிக்கூட வாசல்ல போயி நிக்கணுமா? முப்பது வருசமா எனுக்கு பூஜ்யம் போட்டுக்கினு கீறியே, அப்ப எங்க போச்சி இந்த அக்கறை?"

"சரிக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

5

அந்த நாட்களில் வேலை ஓடவில்லை. பேப்பருக்காக நான் அலைந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. வந்த புதிதில் என் பட்டத்தை இங்கே ஒப்புக்கொள்ள வைக்க ஒன்பது மாதம் ஆனது. ஒவ்வொரு பாடத்திலும் என்ன சொல்லித் தந்தார்கள் என்று கேட்டார்கள். அதை மொழிபெயர்த்துக் கொடுத்தால், மொழிபெயர்த்தவருக்கு முத்திரை இருக்கிறதா என்றார்கள். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த அம்மாளிடம் "நான் படித்து முடித்துவிட்டேன்" என்று சொல்ல நினைத்து, "படித்துப் படித்து நானே முடிந்துபோனேன்" என்று ஜெர்மனில் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாள் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவை சிரிப்பைப் பார்த்தேன். கடைசியில் தாள் வந்தது, வேலையும் வந்தது. பதினேழு வருஷம் படித்த எனக்கே ஒரு தாள் இல்லாமல் கதவு திறக்கவில்லை. அக்காவைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

உத்திரமேரூர் என்றால் இங்கே தமிழர் கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே பேச்சு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே தேர்தலில் நிற்க என்னென்ன தகுதி வேண்டும் என்று கல்லில் வெட்டிய ஊர். நானும் தலையாட்டுவேன். அந்தத் தகுதியில் சொந்த நிலமும் இருக்கிறது, படிப்பும் இருக்கிறது. அந்தக் கல்லை வெட்டிய காலத்தில் எங்கள் ஆட்களிடம் இரண்டும் இருந்திருக்காது. நிலம் இன்றைக்கும் இல்லை. மிச்சம் படிப்புதான். நிலத்தை அளக்கச் சர்வேயர் சங்கிலியோடு வருகிறார், ஒரு அடி குறைந்தால் ஊரே கூடிச் சண்டை போடுகிறது. படிப்பை அளக்க என்னைப் போல ஒருத்தி வந்து பத்து வருஷத்தை விட்டுவிட்டுப் போனாள், யாரும் கேட்கவில்லை.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று புதியவர்கள் கேட்பார்கள். நான் புத்தகத்தில் உள்ளதைச் சொல்வேன். படிப்பு ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால் மற்ற இடத்தில் உள்ள திறமை வேலைக்கு வராமல் வீணாகும், அதனால் ஊரின் வருமானமே குறையும் என்பேன். இப்போது அக்காவைச் சொல்கிறேன். மானாம்பதியிலிருந்து தென்னேரி வரைக்கும் நடவுக்கு நாற்பது பெண்களை அழைத்துப் போகிறவள் அவள்தான். எந்தக் கழனிக்கு எத்தனை ஆள், யார் கைக்குழந்தைக்காரி, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, வண்டிக்காரன் எப்போது கைவிடுவான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இங்கே அந்த வேலைக்கு ஒரு பெயரும், தனி அறையும், சுழல் நாற்காலியும் உண்டு. அவளுக்கு நாள் கூலிதான், மற்றவர்களுக்கு உள்ளதே. பத்தாவது என்று ஒரு தாள் இருந்திருந்தால் இருபது வருஷத்துக்கு முன்பே யாராவது அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்திருப்பார்கள். அந்த இருபது வருஷ நஷ்டம் அவளுக்கு மட்டுமில்லை, அந்த ஊருக்கும்தான்.

இன்னொன்று. எங்கள் வீட்டுச் சராசரியைத் தூக்கி நிறுத்துவது என்னுடைய பதினேழு. அந்தப் பதினேழு மானாம்பதியில் இல்லை, காசெலில் உட்கார்ந்து வரி கட்டிக்கொண்டிருக்கிறது. ஊரில் இருப்பது அக்காவின் பத்து. ஊருக்கு ஆகப்போவது அதுதான்.

6

சண்டை போட்டு மூன்று நாள் நான் போன் பண்ணவில்லை. நாலாவது நாள் மத்தியானம், நான் அலுவலகத்தில் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தபோது, அக்காவிடமிருந்து குரல் பதிவு வந்தது. ஒன்றல்ல, வரிசையாக ஆறு.

அவளாகவே கிளம்பியிருக்கிறாள். மாமா மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வண்டியில் கூட்டிப்போயிருக்கிறார். பள்ளிக்கூட ஆபீசில் சின்ன வயதுப் பெண் ஒருத்தி கிளார்க். அக்கா வாசலில் நின்று இழுத்து இழுத்துப் பேசியதும், "மார்க் ஷீட்டாம்மா? உக்காருங்க" என்று பீரோவைத் திறந்திருக்கிறாள். உள்ளே நாடா போட்டுக் கட்டிய கட்டு கட்டாகத் தாள்கள். எல்லாம் பெயிலானவர்களுடையது, தேறினவர்கள் அப்போதே வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். "யாரும் வர்றதில்லம்மா. நீங்க வந்தது நல்லதாப் போச்சி" என்று சொல்லிக்கொண்டே தேடியிருக்கிறாள். யாரும் சிரிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஐந்தாவது பதிவில் அக்கா தன் மார்க்கை வாசித்தாள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாளாம்.

"ஜெயா, கேட்டுக்க. தமியி எயுவத்தி ஒண்ணு. இங்கிலீசு நாப்பத்தி ரெண்டு. கணக்கு முப்பத்தி ஒண்ணு. சயின்சு நாப்பத்தி எட்டு. சோசியலு அறுவத்தி ஆறு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "முப்பத்தஞ்சி எடுத்தா பாஸு. அல்லாத்துலயும் போச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்டி. நாலுல பாஸுடி நானு. நாலுல பாஸு. கணக்குல நாலு மார்க்குதான் கம்மி."

ஆறாவது பதிவு மாமாவுடையது. அவரும் தன்னுடையதைக் கேட்டு வாங்கியிருந்தார். "எனுக்கு தமியே முப்பத்தாறுதான்ம்மா. உங்கக்கா என்னவிடப் பெரிய படிப்புன்னு இப்ப கவுருமெண்டு பேப்பர்லயே வந்துட்ச்சி. இனிமே வூட்ல நான் பேச முடியாது."

நான் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். நாலு பாடம் தேறியது தெரியாமல் ஒருத்தி முப்பது வருஷம் இருந்திருக்கிறாள். பிர்கிட் ஓடி வந்து என்ன ஆச்சு என்றார். "என் அக்கா நாலு பாடத்தில் பாஸ்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஜெர்மன்காரர்கள் லேசில் அப்படிச் செய்யமாட்டார்கள்.

அடுத்த வாரமே அக்காவின் நடவு ஆட்களில் மூன்று பெண்கள் அதே ஆபீசுக்குப் போய்த் தங்கள் தாளைக் கேட்டிருக்கிறார்கள். அதில் ஒருத்தி கணக்கில் அறுபது எடுத்திருந்தாளாம். இங்கிலீஷில் மட்டும் போயிருந்தது. அவள் இந்த முறை தனித்தேர்வராக எழுதப்போகிறாள். அக்காவையும் எழுதச் சொன்னேன். "கணக்கு உன்கூட பொறந்தது, எனுக்கு வாணாம். யோசிக்கிறேன்" என்றாள். அவள் யோசிக்கிறேன் என்று சொன்னதே பெரிய விஷயம்.

7

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரத்தில் நேரில் வரச் சொன்னார்கள். அன்றைக்கு அக்கா கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். ஒன்பது பேர் வந்திருந்தார்களாம். இரண்டு பேர் டிகிரி. அதைப் பார்த்ததும் திரும்பிவிடலாம் என்று எழுந்திருக்கிறாள். மாமா வெளியே கேட் பக்கத்தில் வண்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நின்றதால் உட்கார்ந்துவிட்டாள்.

விடுதியை நடத்துகிற அம்மாளும் கம்பெனி ஆள் ஒருத்தரும் கேள்வி கேட்டார்கள். அந்த ஆள் தாளைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கணக்குல பெயிலா? விடுதியில நூத்தி இருபது பொண்ணுங்க. மூணு ஷிப்டு. யார் எப்ப போறா, எப்ப வர்றான்னு கணக்கு வெச்சிக்கணுமே" என்றாராம்.

அக்கா சொன்னதை மாமா எனக்கு அப்படியே நடித்துக் காட்டினார், அக்கா அவருக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள். "சார், அன்னிக்கி பெயிலு, நெசந்தான். அதுக்கப்பால நாப்பது பொம்பளைங்கள ஏரிக்கு அந்தாண்ட ரெண்டு கழனி, இந்தாண்ட மூணு கழனின்னு வெடியக்காலம் பிரிச்சி அனுப்பிக்கினு கீறேன். சாயங்காலம் நாப்பது பேரையும் வூட்ல சேத்துட்டுதான் நான் சோறு துன்னுவேன். ஒரு நாளு ஒரு ஆளு கொறஞ்சதில்ல." விடுதி அம்மாள் அந்த ஆளைத் திரும்பிப் பார்த்தாராம். பிறகு அக்காவிடம், சமையலறைப் பெண்கள் இரண்டு பேர் தினமும் சண்டை போடுகிறார்கள், என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அக்கா அரை மணி நேரம் பேசியிருக்கிறாள்.

அப்புறம் பதினைந்து நாள் ஒரு தகவலும் இல்லை. டிகிரிக்காரியை எடுத்திருப்பார்கள் என்று அக்காவே முடிவு கட்டிவிட்டாள். "போனா போவுது. மார்க்கு தெரிஞ்சிதே" என்றாள். அதற்குள் லிடியாவின் டீச்சர் கடிதம் வந்துவிட்டது. நான் எதிர்பார்த்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு படி கீழே எழுதியிருந்தார். முன்பென்றால் பித்துப் பிடித்தவள் மாதிரி ஆகியிருப்பேன். இப்போது டீச்சரைப் போய்ப் பார்த்தேன். எதில் குறைகிறது, எத்தனை குறைகிறது என்று உட்கார்ந்து கேட்டேன். ஜெர்மன் எழுத்தில்தானாம், அதுவும் கொஞ்சம்தானாம். பின்னால் மாற வழி இருக்கிறது என்றார். அதையும் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்காவை எடுத்துக்கொண்டார்கள் என்ற செய்தி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை சேரச் சொல்லிவிட்டார்கள். மாமா வாரத்துக்கு ஒரு நாள் போய்ப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அவர் முதல் தடவையாகச் சோறு வடிக்கப் பழகுகிறார், கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டதாகக் கேள்வி.

அவள் சேர்ந்து மூன்றாம் நாள் மத்தியானம் நான் போன் செய்தேன். அங்கே சாயங்காலம். ரூம் எப்படி, சாப்பாடு வாய்க்கு விளங்குகிறதா, படி ஏறணுமா, முட்டி எப்படி, சமையலறைச் சண்டை என்ன ஆச்சு, எல்லாம் கேட்கணும். பின்னால் கேட் திறக்கும் சத்தமும் நிறையப் பெண்களின் பேச்சுச் சத்தமும் கேட்டது. "வார்டன் அக்கா" என்று யாரோ கூப்பிட்டார்கள். "தோ வந்துட்டேன்" என்று அக்கா அந்தப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"அக்கா, ரெண்டே நிமிஷம். உன்கிட்ட எவ்வளவோ கேக்கணும்."

"அப்பால கேளு. ஷிப்டு முடிஞ்சி பசங்க வந்துட்ச்சிங்க. போன வைடி, எனுக்கு வேல கீது."